பாலுக்குப் பின் முதற் கவளம்: வெறுங்கஞ்சி போதுமா?

தாயகத்தில் ஒரு குழந்தைக்கு எப்போது சோறூட்டுவது, எதை ஊட்டுவது, எவ்வளவு ஊட்டுவது என்ற கேள்விகளுக்கெல்லாம் வீட்டிலேயே விடை இருந்தது. அம்மம்மாவோ அப்பாச்சியோ அதனைத் தீர்மானித்தார்கள். குழந்தை பெற்ற பெண் கேட்டு நடந்தாள். புலம்பெயர்ந்த நாட்டில் நிலைமை வேறு. அகதிகள் விடுதியின் ஓர் அறையிலோ நான்காம் மாடிக் குடியிருப்பிலோ தனியே குழந்தையுடன் இருக்கும் இளந்தாய்க்குத் தாதி ஒரு துண்டுப்பிரசுரத்தைக் கையில் கொடுத்துவிட்டுப் போகிறார். அதன் மொழி பாதி விளங்குகிறது, பாதி விளங்கவில்லை. தொலைபேசியில் ஊரிலிருந்து தாயார் வேறொன்று சொல்கிறார். இங்கே முன்னரே வந்து பிள்ளைகளை வளர்த்துவிட்ட அக்கா மூன்றாவதாக இன்னொன்றைச் சொல்கிறார். கடையின் தட்டிலோ வரிசை வரிசையாகச் சிறு போத்தல்கள், ஒவ்வொன்றிலும் சிரிக்கும் குழந்தையின் படம்.

இத்தனை குரல்களுக்கு நடுவே தவித்துப்போகும் தாய் பெரும்பாலும் தனக்கு ஆபத்தில்லாததாகத் தோன்றும் ஒன்றைத் தெரிந்தெடுக்கிறாள். நன்றாகக் கரைய வேகவைத்து, வடித்த, வெண்ணிறமான அரிசிக் கஞ்சி அது. அது குழந்தையின் வயிற்றைப் பிடுங்காது, தொண்டையில் சிக்காது, ஒவ்வாமையும் அரிது. ஆனால் இரண்டு மூன்று மாதங்களுக்கு அதனை மட்டுமே நம்பியிருந்தால் அந்தப் பாதுகாப்பான உணவே குழந்தைக்குக் கேடாக முடிகிறது. இக்கட்டுரையில் முதன்மையாகச் சொல்ல வேண்டியது இதுதான்.

எப்போது தொடங்குவது?

பிறந்தது முதல் 6 மாதம் முடியும்வரை தாய்ப்பால் மட்டும். அதன்பின் மற்ற உணவுகளோடு சேர்த்து 2 வயதுவரையும் அதற்கு மேலும் தாய்ப்பால் என்பது உலக சுகாதார நிறுவனம் 2001 ஆம் ஆண்டு முதல் கூறிவரும் நெறி. எமது ஊர்களில் சோறூட்டும் சடங்கை ஆண் குழந்தைக்கு ஆறாம் மாதத்திலும் பெண் குழந்தைக்கு ஐந்தாம் அல்லது ஏழாம் மாதத்திலும் வைக்கும் வழக்கம் இதற்கு அண்மையிலேயே வந்து நிற்கிறது. நாள் பார்ப்பவர்கள் பார்க்கட்டும். அதில் கேடொன்றும் இல்லை. 4 மாதம் முடிவதற்கு முன் பால் தவிர வேறெதையும் கொடுக்கக் கூடாது என்பதே முக்கியம். அந்த வயதில் குடலும் சிறுநீரகமும் அதற்கு ஆயத்தமாகவில்லை.

ஜேர்மனியில் வாழ்பவர்கள் ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். அங்கு தரப்படும் பிரசுரங்கள் "ஐந்தாம் மாதத் தொடக்கத்துக்கு முன் வேண்டாம், ஏழாம் மாதத் தொடக்கத்துக்கு மேல் தாமதிக்க வேண்டாம்" என்று கூறும். ஐந்தாம் மாதத் தொடக்கம் என்றால் நான்கு மாதம் நிறைவடைந்திருக்கிறது என்பது பொருள். ஏழாம் மாதத் தொடக்கம் என்றால் ஆறு மாதம் நிறைவு. இந்தக் கணக்கைப் பிழையாக விளங்கிக்கொண்டு ஒரு மாதம் முந்தியோ பிந்தியோ தொடங்குபவர்கள் உண்டு.

மாதக் கணக்கைவிடக் குழந்தையே நல்ல வழிகாட்டி. சாய்மானம் கொடுத்தால் நிமிர்ந்து உட்கார்ந்து தலையை நிலையாகப் பிடிக்கிறதா? பொருளைக் கண்டு, எட்டிப் பிடித்து, வாய்க்குக் கொண்டுபோகிறதா? வாயில் வைத்ததை நாக்கால் வெளியே தள்ளாமல் விழுங்குகிறதா? இம்மூன்றும் சேர்ந்து வந்தால் காலம் வந்துவிட்டது. இரவில் அடிக்கடி எழும்புவதும் கைமுட்டியைச் சப்புவதும் பசிக்கான அடையாளம் என்று பலர் எண்ணுகிறார்கள். அவை இந்த வயதில் எல்லாக் குழந்தைகளும் செய்பவை. குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு மட்டும் வைத்தியரைக் கேட்டே நாள் குறிக்க வேண்டும்.

இரும்புச்சத்து

நிறைமாதக் குழந்தை தாயின் வயிற்றிலிருந்தே இரும்புச்சத்தைச் சேமித்துக்கொண்டு பிறக்கிறது. அந்தச் சேமிப்பு ஏறத்தாழ 6 மாதங்களுக்குப் போதும். தாய்ப்பாலில் உள்ள இரும்பு நன்கு உறிஞ்சப்படக்கூடியதேயாயினும், அளவில் மிகக் குறைவு. ஒரு லீற்றரில் அரை மில்லிகிராம்கூட இராது. ஆறு மாதத்தின் பின் சேமிப்பு தீரத்தீர, வெளியிலிருந்து வர வேண்டிய தேவை திடீரென ஏறுகிறது. 7 முதல் 11 மாதக் குழந்தைக்கு நாளொன்றுக்கு 11 மில்லிகிராம் இரும்பு தேவையென ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2015 இல் வரையறுத்தது. வளர்ந்த ஆணொருவனுக்கு அது கூறும் அளவும் அதே 11 மில்லிகிராம்தான். எட்டுக் கிலோ எடையுள்ள குழந்தைக்கும் எழுபது கிலோ எடையுள்ள தகப்பனுக்கும் ஒரே கணக்கு!

இப்போது கஞ்சியைப் பாருங்கள். வேகவைத்த வெள்ளரிசிச் சோறு 100 கிராமில் உள்ள இரும்பு ஏறத்தாழ 0.2 மில்லிகிராம். அதே அளவு வேகவைத்த பருப்பில் ஏறத்தாழ 3 மில்லிகிராம். வெறுங்கஞ்சியும் மசித்த வாழைப்பழமும் மட்டுமே மாறி மாறி உண்ணும் குழந்தை கொழுகொழுவென்று இருக்கலாம். ஆனால் அதன் இரத்தம் வெளிறிக்கொண்டிருக்கும். இரும்புக் குறைபாடு குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கிறது; பிந்திக் கொடுக்கும் மருந்தால் இரத்தத்தைச் சீராக்கலாம், தவறிய அந்த மாதங்களின் வளர்ச்சியை முழுதாக மீட்பது கடினம். சோர்வு, உணவில் விருப்பமின்மை, முகவெளிறல் ஆகியன அறிகுறிகள்தாம். எனினும் எமது நிறத்தில் வெளிறல் எளிதில் தெரியாது, பல குழந்தைகளில் அறிகுறியே தோன்றாது.

ஜேர்மனியில் முதற் பிசையலாகவே கரட், உருளைக்கிழங்கு, இறைச்சி மூன்றையும் சேர்த்து அரைத்துக் கொடுக்கச் சொல்வது இதனால்தான். "ஆறு மாதப் பிள்ளைக்கு இறைச்சியா?" என்று எம்மவர்கள் திடுக்கிடுவது உண்டு. மச்சம் உண்ணும் குடும்பங்கள் திடுக்கிட வேண்டியதில்லை. ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சி, கோழியின் கால்ப்பகுதி ஆகியவற்றை நன்கு வேகவைத்து, மையாக அரைத்து, நாளுக்கு இரண்டொரு மேசைக்கரண்டி அளவு சேர்க்கலாம். இறைச்சியிலும் மீனிலும் உள்ள இரும்பைக் குழந்தையின் உடல் இலகுவில் ஏற்றுக்கொள்கிறது. ஈரல் மட்டும் கிழமைக்கு ஒரு தடவைக்கு மேல் வேண்டாம். அதில் உயிர்ச்சத்து ஏ மிதமிஞ்சி உண்டு.

சைவ உணவுக் குடும்பங்களுக்கும் வழி உண்டு, ஆனால் அதில் கூடிய கவனம் தேவை. மைசூர்ப் பருப்பு, பயறு, உழுந்து, கடலை, குரக்கன், ஓட்ஸ் ஆகியவற்றில் உள்ள இரும்பு உடலில் சேர்வது குறைவு. புளிப்பான பழம் ஒன்றோடு கொடுத்தால் சேர்வது கூடும். பருப்புப் பிசையலில் தோடம்பழச் சாறு இரண்டு தேக்கரண்டி விடலாம். அல்லது உணவு முடிந்ததும் மசித்த பப்பாசியோ கிவிப் பழமோ கொடுக்கலாம். தானியத்தை இரவில் ஊறவைத்து முளைக்க வைத்து அரைக்கும் எமது பழக்கம் இரும்பைப் பிடித்துவைத்திருக்கும் பொருளைக் குறைக்கிறது. அம்மம்மாவின் முளைகட்டிய பயறு இந்த விடயத்தில் கடைப்போத்தலை வென்றுவிடும். ஆனால் அதே அம்மம்மா காலையில் ஒரு வாய் பால்தேநீர் கொடுக்கச் சொன்னால் கேட்காதீர்கள். தேயிலை இரும்பைத் தடுக்கும். தாய் முட்டை, பால்கூட உண்ணாதவராயின் அவரது பாலில் உயிர்ச்சத்து பி12 குறையும். இதனை வைத்தியரிடம் மறைக்காமல் கூற வேண்டும்.

இரும்புத் துளிமருந்தைத் தானாக வாங்கிக் கொடுத்தல் ஆகாது. தாய்க்குக் கொடுத்த இரும்புக் குளிகைகளைத் தவழும் பிள்ளை எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும். ஒரு சில குளிகைகளே சிறு குழந்தைக்கு நஞ்சாகும்.

கஞ்சியின் தடிப்பும் அரிசியும்

தாய்ப்பாலை நன்றாகக் குடிக்கும் குழந்தைக்கு 6 முதல் 8 மாதத்தில் மற்ற உணவிலிருந்து நாளொன்றுக்கு ஏறத்தாழ 200 கலோரி தேவை. 9 முதல் 11 மாதத்தில் 300. ஒரு வயதைக் கடந்ததும் 550. தண்ணீராக ஓடும் கஞ்சியால் இந்த அளவை எட்ட முடியாது. சிறு வயிறு தண்ணீராலேயே நிரம்பிவிடும். கரண்டியைச் சற்றுச் சரித்தால் உணவு வழிந்தோடாமல் நிற்க வேண்டும். அதுவே சரியான பதம். அதில் ஒரு தேக்கரண்டி நெய்யோ நல்லெண்ணெயோ கெட்டித் தேங்காய்ப்பாலோ சேர்த்தால் தடிப்பும் குறையாது, சக்தியும் கூடும். அரிசி மாவைப் பாற்போத்தலில் கரைத்துச் சூப்பியால் குடிக்கக் கொடுப்பது ஆகாது. குழந்தை கரண்டியால் உண்ணப் பழகாது, புரைக்கேறவும் கூடும்.

முதற் கிழமையில் இரண்டு மூன்று தேக்கரண்டி போதும். பின் நாளுக்கு இரண்டு மூன்று வேளை, ஒன்பதாம் மாதத்திலிருந்து மூன்று நான்கு வேளை என்று ஏறட்டும். ஒரு மரக்கறியை முகத்தைச் சுழித்துத் துப்பிவிட்டால் பிள்ளைக்குப் பிடிக்கவில்லை என்று முடிவுகட்ட வேண்டாம். எட்டுப் பத்துத் தடவை சுவைத்த பின்பே பல குழந்தைகள் ஏற்றுக்கொள்கின்றன.

அரிசியைப் பற்றி இன்னுமொரு செய்தி. நீர் நிறைந்த வயலில் வளர்வதால் நெற்பயிர் மண்ணிலுள்ள ஆர்செனிக் என்னும் நச்சுப்பொருளை மற்றத் தானியங்களிலும் கூடுதலாக உறிஞ்சுகிறது. குழந்தை உணவுக்கான அரிசியில் கனிம ஆர்செனிக் கிலோவுக்கு 0.1 மில்லிகிராமுக்கு மேற்படக் கூடாதென ஐரோப்பிய ஒன்றியம் 2016 சனவரி முதல் சட்டம் வைத்துள்ளது. பிரித்தானியாவில் 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குப் பாலுக்குப் பதிலாக அரிசிப் பானம் கொடுக்க வேண்டாம் என்றும், சுவீடனில் 6 வயதுக்குட்பட்டவர்களுக்கு அரிசி அப்பளம் போன்ற உலர்ந்த வில்லைகளைத் தவிர்க்கும்படியும் கூறுகிறார்கள். இதைக் கேட்டுச் சோற்றைக் கைவிட வேண்டியதில்லை. மூன்று வேளையும் அரிசியாக இராமல் ஒரு வேளை குரக்கன், ஒரு வேளை ஓட்ஸ் அல்லது உருளைக்கிழங்கு என்று மாற்றினால் போதும். நிறையத் தண்ணீரில் அவித்து வடிப்பது ஆர்செனிக்கைக் கணிசமாகக் குறைக்கும் என்பது ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. எமது பானையில் வடித்த சோறு இதில் தப்பிக்கொள்கிறது. ஆனால் வடித்த நீரையே சத்துள்ளதென்று குழந்தைக்குக் குடிக்கக் கொடுத்தால் வெளியேற்றியதைத் திரும்பக் கொடுத்ததாகிவிடும்! தவிடு நீக்காத சிவப்பரிசி பெரியவர்களுக்கு நல்லது. ஆர்செனிக் தவிட்டில்தான் கூடச் சேர்கிறது என்பதால் குழந்தைக்கு அதனை நாள்தோறும் கொடுக்கத் தேவையில்லை.

தேனும் பஞ்சாமிர்தமும்

பிறந்த குழந்தையின் நாவில் தேன் தொட்டு வைப்பது எமது பண்பாட்டில் ஆழ ஊறிய வழக்கம். இதனைக் கைவிடச் சொல்வது பலருக்கு மனவருத்தம் தரும். ஆயினும் ஒரு வயது முடியும்வரை தேன் ஒரு துளியும் கூடாது. இதில் விட்டுக்கொடுக்க இடமே இல்லை.

குளொஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற கிருமியின் வித்துகள் மண்ணிலும் தூசியிலும் உள்ளன. சில வேளைகளில் தேனிலும் இருக்கும். பெரியவர்களின் குடலில் குடியிருக்கும் நல்ல நுண்ணுயிர்கள் அவற்றை முளைக்க விடுவதில்லை. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் குடலில் அந்தக் காவல் இன்னும் நிறைவாக அமையவில்லை. அங்கே வித்துகள் முளைத்து நஞ்சை உண்டாக்க, அந்நஞ்சு நரம்புகளைத் தாக்கித் தசைகளைச் செயலிழக்கச் செய்கிறது. 1976 ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் இது தனியொரு நோயாக முதன்முதல் இனங்காணப்பட்டது. தேனைக் காய்ச்சினாலும் இந்த வித்துகள் சாவதில்லை. வீட்டு அடுப்பின் கொதிநிலையை அவை தாங்கும்.

நோய் அரிது என்பது உண்மை. ஆனால் வந்தால் குழந்தை கிழமைக்கணக்கில் மூச்சுக் கருவியில் இருக்க நேரிடும். முதலில் மலச்சிக்கல், பின் பால் குடிக்க வலுவின்மை, அழுகுரல் நலிதல், கண்ணிமை தொங்குதல், கழுத்துத் துவண்டு உடல் துணிபோலத் தொய்தல் என்று அது முன்னேறும். இவற்றில் எதனைக் கண்டாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். தேன் கொடுத்திருந்தால் அதனைக் கூச்சப்படாமல் சொல்ல வேண்டும். வைத்தியர் விரைவாக நோயை ஊகிக்க அது உதவும்.

கோயிலுக்குக் குழந்தையைக் கொண்டுபோகும் குடும்பங்கள் பஞ்சாமிர்தத்தை நினைவில் வைக்க வேண்டும். அதில் தேன் உண்டு. அன்போடு யாராவது விரலால் தொட்டுக் குழந்தையின் வாயில் வைத்துவிடுவார்கள். கூட்டத்தில் தாய் கவனிக்க மாட்டார். சூப்பியைத் தேனில் தோய்த்துக் கொடுப்பதும், இருமலுக்குத் துளசிச் சாற்றில் தேன் கலப்பதும் இவ்வகையினவே. சோறூட்டும் நாளில் நாவில் இனிப்பு வைக்க வேண்டுமென்று பெரியவர்கள் விரும்பினால் மசித்த கதலி வாழைப்பழம் ஒரு துளி போதும்.

தேனோடு சேர்த்து வசம்பையும் இங்கே சொல்லிவிடலாம். பிள்ளை வளர்ப்பான் என்ற பெயரே அதற்கு உண்டு. சுட்டு உரைத்துக் குழந்தையின் நாவில் தடவுவார்கள். அதிலுள்ள அசரோன் என்னும் பொருள் ஆய்வுக்கூட விலங்குகளில் புற்றுநோயை உண்டாக்கியதால் அமெரிக்காவில் 1968 முதல் அதனை உணவில் சேர்க்கத் தடை உண்டு. பார்சலில் வரும் உரைமருந்துகளுக்கு என்ன கலந்திருக்கிறது என்ற விபரச்சீட்டும் இராது. அவற்றைத் தவிர்த்துவிடலாம்.

கச்சான்: தலைகீழான அறிவுரை

1990களின் இறுதியிலும் 2000களின் தொடக்கத்திலும் இந்நாடுகளில் பிள்ளை பெற்றவர்களுக்கு, ஒவ்வாமை உள்ள குடும்பமென்றால் மூன்று வயதுவரை கச்சான் கொடுக்க வேண்டாம் என்று அறிவுறுத்தினார்கள். பிரித்தானியாவில் 1998 இலும் அமெரிக்காவில் 2000 இலும் அதுவே அதிகாரபூர்வமான நெறியாக இருந்தது. அந்த அக்காமார் இன்று தங்கைமாருக்கு அதையே சொல்கிறார்கள். அன்று சொன்னதை அவர்கள் சரியாகவே நினைவில் வைத்திருக்கிறார்கள், நெறிதான் மாறிவிட்டது.

அது மாறிய கதை சுவையானது. 2008 இல் இலண்டன் ஆய்வாளர் ஒரு குழுவினர் பிரித்தானியாவிலும் இஸ்ரேலிலும் வாழும் யூதக் குழந்தைகளை ஒப்பிட்டார்கள். கச்சான் ஒவ்வாமை பிரித்தானியாவில் 1.85 வீதம், இஸ்ரேலில் 0.17 வீதம். வம்சம் ஒன்றாயிருந்தும் பத்து மடங்கு வேறுபாடு! இஸ்ரேலில் குழந்தைகள் ஏழெட்டு மாதத்திலேயே கச்சான் சேர்ந்த ஒரு பொரியைச் சுவைக்கத் தொடங்குகிறார்கள்; பிரித்தானியக் குழந்தைகளுக்கோ அது விலக்கப்பட்டிருந்தது. அதே ஆண்டில் அமெரிக்கக் குழந்தை வைத்தியர் சங்கம் தன் பழைய அறிவுரையை மீட்டுக்கொண்டது. கடுமையான தோலழற்சியோ முட்டை ஒவ்வாமையோ உள்ள 640 குழந்தைகளை அந்த இலண்டன் குழு அடுத்து ஐந்து வயதுவரை தொடர்ந்து கவனித்து, 2015 இல் முடிவை வெளியிட்டது. கச்சானைத் தவிர்த்தவர்களில் 17.2 வீதத்தினருக்கு ஒவ்வாமை உண்டாயிற்று. சிறுவயதிலிருந்து கிழமைதோறும் உண்டவர்களில் அது 3.2 வீதம் மட்டுமே.

ஆகவே இப்போதைய நெறி, ஆறு மாதமளவில் மற்ற உணவுகள் சில பழகிய பின் கச்சானையும் நன்கு வெந்த முட்டையையும் பிந்தாமல் அறிமுகப்படுத்துவது. முழுக் கச்சானை அல்ல. அது மூச்சுக்குழாயில் சிக்கும், 5 வயதுவரை எந்தக் கொட்டையும் முழுதாகக் கொடுக்கக் கூடாது. உப்பும் சீனியும் சேராத வழுவழுப்பான கச்சான் பசையை அரைத் தேக்கரண்டி எடுத்து இளஞ்சூட்டுக் கூழில் நன்றாகக் கரைத்துக் கொடுக்கலாம். பசையைத் தனியே கரண்டியால் கொடுத்தால் அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். வைத்தியசாலை திறந்திருக்கும் வார நாளின் காலைப்பொழுதே இதற்கு உகந்தது. முதலில் கரண்டி நுனியளவு, சற்றுப் பொறுத்து மிச்சம். உடலில் தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி வந்தால் நிறுத்தி வைத்தியரிடம் கேட்க வேண்டும். மூச்சு இழுத்தால், குழந்தை துவண்டால் ஐரோப்பாவில் 112 க்கு உடனே அழைக்க வேண்டும். ஒத்துக்கொண்டால் கிழமையில் ஓரிரு தடவையாவது தொடர்ந்து கொடுக்க வேண்டும். ஒரு நாள் சுவைக்க வைத்துவிட்டு மறப்பதால் பயனில்லை. குழந்தைக்கு ஏற்கெனவே கடுமையான தோலழற்சி இருந்தால் வீட்டில் முயலாமல் முதலில் வைத்தியரிடம் பரிசோதிப்பது அவசியம்.

ஊரிலிருந்து வரும் சத்துமா பற்றிப் பலர் கேட்கிறார்கள். அரிசி, உழுந்து, பயறு, கடலை, குரக்கன், கச்சான் எல்லாம் வறுத்துத் திரித்த அந்த மா சத்துள்ளதுதான். ஆனால் அதனை முதல் உணவாகக் கொடுத்து ஒவ்வாமை வந்தால் எது காரணமென்று எவராலும் சொல்ல முடியாது. ஒவ்வொரு பொருளையும் தனித்தனியே இரண்டு மூன்று நாள் இடைவெளியில் கொடுத்து ஒத்துக்கொண்ட பின் சத்துமாவுக்கு வரலாம். நெடுநாள் வைத்துப் பூஞ்சண வாடை வீசினால் எறிந்துவிட வேண்டும். இங்கே கடையில் வாங்கும் உணவென்றால், 2014 டிசம்பர் முதல் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் ஒவ்வாமை தரும் 14 வகைப் பொருட்களும் விபரச்சீட்டில் தடித்த எழுத்திலோ வேறு வகையிலோ எடுப்பாகத் தெரிய வேண்டுமென்பது சட்டம். மொழி தெரியாதவர்களும் அந்தச் சில சொற்களை மட்டும் ஒரு தாளில் தமிழில் எழுதிக் கைப்பையில் வைத்துக்கொள்ளலாம். எள்ளும் அந்தப் பதினான்கில் ஒன்று.

சுறா, பால், உப்பு

பிள்ளை பெற்ற தாய்க்குப் பால் சுரக்கச் சுறா வறை செய்து கொடுப்பது யாழ்ப்பாணத்து வழக்கம். தாய் கிழமைக்கு ஒரு தடவைக்கு மேல் உண்ணாதிருப்பது நல்லது; குழந்தைக்கு அந்த மீன் வேண்டவே வேண்டாம். பெரிய மீன் சிறிய மீன்களைத் தின்றே வளர்வதால் அதன் உடலில் பாதரசம் சேர்கிறது. மத்தி, சூடை, கெளிறு போன்ற சிறு மீன்களை முள் நீக்கி மசித்துக் கொடுக்கலாம். நெத்தலிக் கருவாட்டில் உப்பு மிகுதி. ஒரு வயதுவரை குழந்தைக்கு நாளுக்கு ஒரு கிராம் உப்பே உச்ச அளவு. அது பாலிலிருந்தும் சாதாரண உணவிலிருந்தும் தானாகவே கிடைத்துவிடுகிறது. எனவே கறியில் உப்பும் தூளும் போடுமுன் குழந்தைக்கு வேண்டியதை எடுத்து வைத்துவிட வேண்டும். சூப்புக் கட்டிகளைச் சேர்க்கவே கூடாது. சீனியும் தேவையில்லை.

பசுப்பாலை ஒரு வயதுவரை முக்கிய பானமாகக் கொடுக்கக் கூடாது. அதில் இரும்பு மிகக் குறைவு. சிறு குழந்தையின் குடலில் நுண்ணிய இரத்தக் கசிவையும் அது உண்டாக்கக் கூடும். சமையலில் சிறிது சேர்ப்பதும் தயிர் கொடுப்பதும் வேறு. பெரியவர்கள் தேநீருக்குப் போடும் பால்மாவும் குழந்தைப் பால்மாவும் ஒரே மாதிரிப் பேணிகளில் வருவதால் மயங்குபவர்கள் உண்டு. முன்னையது குழந்தைக்கு உரியதல்ல. சுண்டிய தகரப்பாலும் அவ்வாறே.

விடுதியறையில் சமைப்போருக்கு

இங்கு எழுதுவதைப் படிக்கும் எல்லோருக்கும் தனிச் சமையலறை இல்லை. சில முகாம்களில் பெரியவர்களுக்கே நேரத்துக்கு உணவு பொதியாக வருகிறது. அப்படி இருப்பவர்கள் குழந்தைக்கெனத் தனி உணவோ கொதிநீர்க் கேத்தலோ தரும்படி நிருவாகத்திடம் எழுத்தில் கேட்பது நல்லது. தாதியின் அல்லது வைத்தியரின் துண்டொன்று இணைத்திருந்தால் மறுப்பது கடினம்.

அடுப்பில்லாத இடத்திலும் கொடுக்கக் கூடியவை சில உண்டு. நன்கு பழுத்த வாழைப்பழம், அவகாடோ ஆகியவற்றை முள்ளுக்கரண்டியால் மசிக்கலாம். கொதிநீர் ஊற்றி மூடிவைத்தால் குறுகத் திரித்த ஓட்ஸ் பத்து நிமிடத்தில் கூழாகிவிடும். இரும்பு சேர்த்த குழந்தைத் தானியமும் அவ்வாறே. உப்பில்லாமல் தகரத்தில் அடைத்த கடலையையும் பயற்றினங்களையும் கழுவி மசித்து, கொதிநீர் விட்டு இளக்கலாம். பொதியில் இறைச்சியும் கரட்டும் வந்தால் உப்புச் சுவையைப் பார்த்து, கொதிநீரில் அலசி எடுத்துக்கொள்ளலாம்.

குளிர்சாதனப் பெட்டி இல்லையெனில் மிச்சம் வைக்காதீர்கள். சமைத்த உணவு வெளியில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் இருந்தால் குழந்தைக்கு ஆகாது. குறிப்பாகச் சோறு, அதில் வளரும் ஒரு கிருமியின் நஞ்சு மீண்டும் சூடாக்கினாலும் அழிவதில்லை. பழஞ்சோற்றுப் பழக்கம் குழந்தையிடம் வேண்டாம். பால்மாவும் கிருமியற்ற பொருளல்ல. கொதித்த நீர் ஆறி 70 பாகைக்குக் கீழே போகுமுன், அதாவது கொதித்து அரை மணித்தியாலத்துக்குள், அதில் மாவைக் கரைத்து, பின் ஓடும் குளிர்நீரில் போத்தலைப் பிடித்து ஆற்றிக் கொடுக்க வேண்டும். மாவை மிச்சம் பிடிக்க அளவைக் குறைத்துக் கரைப்பது குழந்தையைப் பட்டினி போடுவதற்குச் சமம். வாங்க வசதியில்லையென்றால் அதனைத் தாதியிடம் வெளிப்படையாகச் சொல்வதே சரியான வழி.

கேட்பதற்கு ஆட்கள் எல்லா நாட்டிலும் உண்டு. பிரான்சில் 1945 முதல் இயங்கும் பி.எம்.ஐ நிலையங்களில் 6 வயதுவரை குழந்தைகளைக் கட்டணமின்றிப் பார்க்கிறார்கள். ஜேர்மனியில் தஞ்சம் கோரியோரின் குழந்தைகளுக்கும் மஞ்சள் பதிவேட்டில் குறிக்கப்படும் முற்காப்புப் பரிசோதனைகள் உரியவை. நோர்வேயில் சுகாதார நிலையமும் பிரித்தானியாவில் வீடு தேடி வரும் தாதியும் இலவசம். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று முன்கூட்டியே கேட்கலாம். மூத்த பிள்ளையை மொழிபெயர்க்க வைத்துப் பாடசாலையை மறிக்கத் தேவையில்லை. குழந்தைக்குத் தரும் உயிர்ச்சத்து டி துளிகளை முதலாண்டு முழுவதும் விடாது கொடுக்க வேண்டும். நாளுக்கு ஏறத்தாழ 10 மைக்ரோகிராம். இந்த வடதேசத்துக் குளிர்கால வெயில் போதாது, கருநிறத் தோல் அதனை இன்னும் குறைவாகவே உண்டாக்கும். "பிள்ளை நன்றாக உண்கிறதே" என்று துளிகளை நிறுத்திவிடுவது எம்மவரிடையே காணும் குறை. உண்ணும் உணவில் அந்தச் சத்து இல்லை.

முதற்பல் தெரிந்ததும் பல்லுக்கொழுக்கட்டை வைப்பார்கள். விடுதியின் பொதுச் சமையலறையிலும்கூட அவித்துத் தலையில் கொட்டி, பக்கத்து அறை வேற்று நாட்டவருக்கும் பங்கிடும் குடும்பங்கள் உண்டு. கொழுக்கட்டையில் பல்லாகக் குத்தும் தேங்காய்ச் சொட்டுத்தான் குழந்தைக்கு ஆபத்து. கொட்டும்போது மடியில் விழும் ஒன்றை அது எடுத்து வாயில் வைத்துக்கொள்ளும். கடினமான தேங்காய்த் துண்டு, முழுத் திராட்சை, பச்சைக் கரட், அவிக்காத அப்பிள் துண்டு எல்லாம் மூச்சுக்குழாயை அடைக்கும் அளவானவை. திராட்சையை நெடுக்காக நாலாக வெட்டிக் கொடுக்க வேண்டும். கொழுக்கட்டையில் குழந்தையின் பங்குக்குச் சொட்டு வைக்காமல் இரண்டைத் தனியே அவித்து, உள்ளே அவித்த பயற்றை மட்டும் மசித்து வைத்து, பிட்டு ஊட்டலாம். சடங்கு நடக்கும்போது ஒருவர் குழந்தையின் கையைக் கவனித்துக்கொண்டிருக்கட்டும்.